ராமேஸ்வரத்தோடு திரும்பாதவள்

புத்தூர் பஸ் வேறு எந்தக் கடைக்கு எதிரேயும் நிற்காது. திருச்சானூரில் என் தேங்காய்க் கடைக்கு எதிரே மட்டும் நிற்கும். அந்தக் கண்டக்டருக்கு என் மேல் அவ்வளவு மரியாதை. போன மாதம் ஒரு காலையில் பஸ் நின்றது, ஆனால் அவன் இறங்கவில்லை. படியில் நின்றபடியே, "மாமா, பிச்சாட்டூர் பச்சையம்மாக்கா பூட்டாங்கோ. முனிரத்னம் உங்ககிட்ட சொல்லச் சொன்னான்" என்றான். என் கையில் இருந்த தேங்காய் தானாகவே இரண்டாகப் பிளந்தது. பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள்.

பச்சையம்மாள் என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். முனிரத்தினம் அவளுடைய ஒரே மகன். அவளை அறிந்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் துக்கத்துக்கு வந்த இடத்தில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டீர்கள். சிலோன் போனவள் என்றார் ஒருவர். எங்கே போனாள், கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவள்தானே என்றார் இன்னொருவர். கூடப் போனவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது உண்மை. கண்ணால் கண்டதை எழுதுவதற்கு ஆறாம் வகுப்பு எதற்கு?

பிச்சாட்டூர் மெட்ராஸ் ராஜ்ஜியத்திலிருந்து ஆந்திராவுக்கு மாறிய வருஷம், அக்காவின் கொழுந்தனாருக்கு அறுபதாம் கல்யாணம் திருச்சானூரில் நடந்தது. ஏற்பாடெல்லாம் நான்தான். நான் அமர்த்திய மேளக்காரர்கள் ஊதிய ஊதலில் திருமலை மேல் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்தனாரும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்தார்கள். கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். சின்னவர்கள் எல்லோரும் காலில் விழுந்து அட்சதை வாங்கிக்கொண்டார்கள். அக்கா கணவனை இழந்தவள் என்பதால் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். நின்றாள் என்று எழுதுவது தப்பு. நிற்க வைத்தார்கள். சடங்கு முடிந்ததும் நேராகப் புரோகிதரிடம் போனாள்.

"ஐயரே, வர்ற தை மாசம் எனக்கும் அறுபது. எனக்கு இன்னா செய்வீங்க?"

அவர் நல்ல மனிதர்தான். "தம்பதியா இருந்தாத்தானேம்மா இது? கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிக்குங்கோ" என்றார்.

"அப்ப, அவரு இல்லாம நான் இருந்த வருஷமெல்லாம் கணக்குல வராதா?"

அவர் தட்சிணையை மடியில் கட்டிக்கொண்டார். கொழுந்தனார் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "அண்ணி, இந்த வயசுல உங்களுக்கு ராமேஸ்வரம்தான் சரி. ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க" என்றார்.

"ராமேஸ்வரம் வரைக்கும் எல்லாரும்தான் போறாங்க. எதிர்ல தண்ணியைப் பாத்ததும் திரும்பிக்கினு வந்துடறாங்க. நான் திரும்ப மாட்டேன். தாண்டிப் போறேன். என் அறுபது சிலோன் கப்பல்லதான்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் குரலை எனக்குத் தெரியும்.

முனிரத்தினத்துக்கும் தெரியும். அதனால்தான் அடுத்த வாரமே என்னை வரவழைத்து, கூடத்தில் உட்கார வைத்து, தாயிடம் வழக்குப் பேசினான்.

"சிலோன்ல நமக்கு யாரும்மா கீறாங்க? யாரைப் பாக்கப் போறே?"

"யாரும் இல்லே. அதனாலதான் போறேன்."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்டா. அழுதாத்தான் நாம போயி சமாதானம் சொல்லணும். சிரிச்சா நமக்கு வேலை மிச்சம்."

"மாமா, நீயாவது சொல்லேன்!"

"சொல்லிட்டேன்டா நைனா. டிக்கெட் ரெண்டா எடுக்கணும்னு."

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. மருமகள் மூலமாகத்தான் சேதி போகும், வரும். அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது.

பாஸ்போர்ட்டுக்கு, அவள் எந்த ராஜ்ஜியத்து ஆள் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டியிருந்தது. சித்தூரில் ஒரு சர்க்கார் கச்சேரிக்குப் போனோம். எந்தக் கச்சேரி என்பது வேண்டாம். உங்கள் ஊர் இப்போதுதான் எங்களிடம் வந்திருக்கிறது, பழைய காகிதமெல்லாம் அந்தப் பக்கம், அங்கே போங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் போனோம். ஊரே எங்களிடம் இல்லையே, இந்தப் பக்கம் போங்கள் என்றார்கள். இப்படி அலைந்ததில் என் செருப்பு தேய்ந்து காகிதமாகிவிட்டது. அதிலேயே சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இதில் அக்கா ஒரு வேலை செய்தாள். தமிழ்க் கச்சேரியில் தெலுங்கில் பேசினாள். தெலுங்குக் கச்சேரியில் தமிழில் பேசினாள். "ஏங்க்கா இப்படிப் பண்றே?" என்று கேட்டேன். "அவுங்களுக்கு ரெண்டும் தெரியும்டா. தெரியாத மாதிரி எவ்ளோ நேரம் நடிக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றாள்.

கடைசியில் சித்தூர் அதிகாரி அலுத்துப்போய், "அசலு மீரு ஏ ராஷ்ட்ரமம்மா?" என்று தெலுங்கில் கேட்டார், உண்மையில் நீங்கள் எந்த ராஜ்ஜியம்தான் என்று. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் வூடு நகரலீங்க. உங்க கோடுதான் நகந்துச்சு. எங்க ஊரு வேணும்னு அவுங்களும் கூட்டம் போட்டாங்க, நீங்களும் கூட்டம் போட்டீங்க. மண்ணு மட்டும் வேணும், அது மேல நிக்கற கெழவி வேணாவா? வேணாம்னா சொல்லிடுங்க. எங்க கொல்லையில நானே ஒரு ராஜ்ஜியம் வச்சுக்கறேன். எந்தம்பிதான் மந்திரி."

மந்திரி என்றதும் நான் எழுந்து நின்றேன். என் தோரணையைப் பார்த்துத்தான் அதிகாரி பேனாவை எடுத்தார் என்பது என் கட்சி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரயாணம் எதுக்கும்மா?" என்று சுத்தத் தமிழில் கேட்டார்.

"பொறந்த நாளு" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

தை மாதம் அவள் பிறந்த நட்சத்திரத்தன்று கடல் நடுவில் இருக்க வேண்டும் என்று திட்டம். மெட்ராசில் ரயில் ஏறி, ராமேஸ்வரத்தைத் தாண்டி, தனுஷ்கோடியில் போய் இறங்கினோம். அப்படி ஒரு காற்றை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஒரு ஆட்டுக்குட்டி என் தலைக்கு மேலாகப் பறந்து போனது. இன்றைக்குக் கப்பல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வந்த ஜனம் அங்கேயே முழுகிவிட்டு ராமேஸ்வரம் திரும்பியது. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

"அக்கா, இதுவும் கடல்தானே? சாயங்காலத்தோட உன் நட்சத்திரம் முடிஞ்சுடும். இங்கேயே முழுகி அறுபதைக் கொண்டாடிக்கினு போயிடலாம்."

"நட்சத்திரத்துக்கு இன்னா அவசரமோ, அது போவட்டும். கப்பல் ஏறற வரைக்கும் எனக்கு அம்பத்தொம்பதுதான். எவனாவது அறுபதுன்னு சொன்னான், பல்லு இருக்காது."

மூட்டை மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்து, "துன்னுடா" என்று என் முன்னால் வைத்தாள். பாதி சோறு, பாதி மணல். போகிறவர்கள் வருகிறவர்கள் "எந்த ஊரு ஆத்தா?" என்று விசாரித்தால், "அதை மட்டும் கேக்காதீங்க, இப்பதான் அதுக்கு முத்திரை வாங்கிக்கினு வர்றேன்" என்று விரட்டினாள்.

மறுநாள் காற்று தணிந்தது. கப்பலும் கிளம்பியது. கரை கண்ணுக்கு மறைந்ததும் அக்கா மடி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் அரிசி. வீட்டிலேயே தன் கையால் கலந்து எடுத்துவந்திருக்கிறாள். ஊரில் அந்தக் கையால் அட்சதை வாங்க ஒருவர்கூடக் குனியமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கப்பல் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"குனிடா" என்றாள். குனிந்தேன். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஓர் ஆட்டம் ஆடியது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சுற்றி இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

எதிரே ஒரு புதுப்பெண் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். கொழும்பில் கடை வைத்திருக்கும் கணவனிடம் போகிறவள். தெற்கத்திப் பேச்சு.

"ஏம்மா, இங்க வா. இன்னிக்கு எனக்கு அறுபது. விழுந்து கும்புடு" என்றாள் அக்கா.

பெண் எழுந்தாள். மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, அக்காவின் வெறும் நெற்றியைக் கண்ணால் காட்டினாள். "பேசாம உக்காரு. அவுகளப் பாத்தியா இல்லையா?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றேன். அக்கா குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நெத்தியப் பாக்காதம்மா. வயசப் பாரு. புருஷன் போனாரு, மழை பொய்ச்சுது, சர்க்காரே மாறிப்போச்சு. நான் நின்னுக்கினுதான் கீறேன். அந்தத் தெம்பு உனக்கு வேணுமா, வேணாவா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அரிசி பிடித்த கையை நீட்டியபடியே இருந்தாள். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பெண் முந்தானையை விடுவித்துக்கொண்டு வந்து குனிந்தாள். "நல்லா இரு. யாரு இருந்தாலும் இல்லேன்னாலும் நல்லா இரு" என்று அவள் தலையில் அட்சதையைப் போட்டாள் அக்கா. மாமியார் கடைசிவரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். இருநூறு பேர் என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். இனிமேலும் அப்படித்தான் சொல்வேன்.

தலைமன்னாரில் இறங்கி டீ குடித்தோம். "எப்படிக்கா இருக்குது சீமை?" என்று கேட்டேன்.

"டீ நம்மூரு டீ மாதிரிதான். ஆனா எறங்கினதிலேர்ந்து ஒருத்தன்கூட, நீ யாரு பொண்டாட்டின்னு கேக்கலடா. அது நல்லா இருக்குது."

மறுவருஷம் முனிரத்தினத்தின் மகளுக்குக் கல்யாணம். அக்கா யாரும் கூப்பிடாமலே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கொழுந்தனார், "அண்ணி, கொஞ்சம் அந்தாண்ட..." என்று ஆரம்பித்தார். அக்கா அசையவில்லை. கப்பல் பிரயாணத்துக்குப் பிறகும் தாயிடம் முகம் கொடுத்துப் பேசாதிருந்த முனிரத்தினம் அப்போது வாயைத் திறந்தான்.

"சித்தப்பா, எங்கம்மா நடுக்கடல்ல அட்சதை போட்டவங்க. இது வெறும் பிச்சாட்டூரு."

பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அவள் காலில்தான் விழுந்தார்கள். அக்கா அட்சதை போட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்து, "வாய் வந்துச்சாடா உனக்கு?" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

காரியம் முடிந்து அவள் சாமான்களைப் பிரித்தபோது, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஊர் கொடுக்காத மரியாதையைக் கேட்டு நிற்காமல், தன் அரிசியைத் தானே மஞ்சள் கலந்து எடுத்துக்கொண்டு போனாளே, அந்தத் திமிரை நான் எடுத்துக்கொண்டேன். வருகிற ஆவணியில் எனக்கு அறுபது. நானும் என் மனைவியும் மணையில் உட்காருவோம். முதல் அட்சதையை, நம் குடும்பத்தில் கணவனை இழந்த பெண்கள், முன்னால் வந்து நின்று போடுவார்கள். புரோகிதருக்குச் சொல்லிவிட்டேன். கொழுந்தனாருக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும். வர இஷ்டமில்லாதவர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.