கப்பலிலிருந்து கூப்பிட்ட பக்தவச்சலம்

திருவொற்றியூர் கடலோரத்தில் தாவூது பாய் செத்த ஆளிடம் பேசுகிறார் என்ற செய்தி முதலில் கிளம்பியது ஒரு மீன்கூடையிலிருந்து. கோவிந்தம்மா சங்கரா மீனை எடை போட்டுக்கொண்டே வாடிக்கைக்காரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "தட்ட கடலாண்ட திருப்புனா அந்த ஆளு பேசறாராம்." அது காசிமேடு போய்ச் சேர்வதற்குள் செத்தவர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகளில் அவருக்கு வெள்ளைச் சீருடையே தைத்துவிட்டார்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம். ஆவியெல்லாம் இல்லை, தாவூதுக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்றார்கள்.

இந்த மாதிரிச் செய்தியை அப்படியே நம்பவும் முடியாது, சும்மா விட்டுவிடவும் மனசு வராது. கிளறிப் பார்த்ததில் சீருடை பொய். கப்பல் நிஜம். கூப்பிட்டதும் நிஜம்.

தாவூது ராயபுரத்துக்காரர். காசிமேட்டில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பது தொழில். பகலெல்லாம் வயர்லெஸ்ஸோடு மல்லுக்கட்டிய மனிதர் ஓய்வுக்கு என்ன செய்வார்? மறுபடியும் வயர்லெஸ். அரசாங்க லைசென்ஸ் வாங்கின ஹாம் அவர், அதாவது பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர். அதிலும் மைக்ரோவேவ் கோஷ்டி. வீட்டுக்குள் உட்கார்ந்து ரஷ்யாக்காரனோடு அரட்டை அடிக்கும் ஹாம்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. அவருடைய அலை வெளிச்சம் மாதிரி, நேர்க்கோட்டில்தான் போகும். குறுக்கே ஒரு சுவர் வந்தால் தீர்ந்தது. ஆகவே, கேபிள்காரர் கழற்றிப்போட்ட டிஷ் ஆன்டெனா தட்டு, பேட்டரி, முக்காலி எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வெட்டவெளி தேடித் திருவொற்றியூர் கடற்பாறைக்கு ஓட வேண்டும். செல்போனில் கூப்பிட்டால் உடனே எடுத்துப் பேசக்கூடிய ஒருவருக்கு, இத்தனையும் சுமந்துபோய் நாலைந்து எழுத்து அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ள வடசென்னையில் இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தார். மாத்தூர் பக்தவச்சலம். மணலிப் பக்கம் ஒரு ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பக்தவச்சலத்தின் மாத்தூர் மொட்டைமாடிக்கும் இந்தக் கடற்பாறைக்கும் நடுவே கட்டடங்கள், எண்ணெய் டாங்குகள். அலை நேரே போகாது. அதனால் இருவரும் வடக்கே தெரியும் ஓர் உயரமான புகைபோக்கியைப் பார்த்துத் தட்டைத் திருப்புவார்கள். இவர் அனுப்பியது அதில் பட்டுத் தெறித்து அவருக்குப் போகும். அவர் அனுப்பியது இவருக்கு வரும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிற புகைபோக்கிக்கு நன்றி சொன்ன ஜீவன்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

இந்தக் கோஷ்டியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. நீ எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறாய் என்று நான் சொல்ல வேண்டும், நீயும் சொல்ல வேண்டும். சொன்னது வந்து சேர்ந்தது என்பதற்கு மோர்ஸ் தந்திக் குறியில் ஆளுக்கொரு 'ஆர்' எழுத்து. டிட், டா, டிட். இரண்டு பேருடைய ஆரும் போய்ச் சேர்ந்தால்தான் பேசியதாகக் கணக்கு. ஒன்று குறைந்தாலும் பேசவே இல்லை. மாமன் மச்சானாக இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

அந்தச் சாயங்காலம் பக்தவச்சலத்தின் ஆர் வந்துவிட்டது. தாவூது தன்னுடையதை அனுப்ப மோர்ஸ் தட்டும் கட்டையில் விரலை வைத்தபோது, ரோந்து வந்த கான்ஸ்டபிள் ஒருவர் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். இது ட்ரோனா, இல்லை ஒட்டுக்கேட்பா என்று விசாரணை. லைசென்ஸ் நகலைக் காட்டி, மைக்ரோவேவ் என்றால் சமையலறை அடுப்பு இல்லை என்று புரியவைத்து அனுப்புவதற்குள் மக்ரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று தட்டை மடக்கிவிட்டார் தாவூது.

அன்று ராத்திரியே பக்தவச்சலம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்குப் போய் வந்த தாவூது, சில வாரம் கழித்து மனசு கேட்காமல் மறுபடி பாறைக்கு வந்தார். தட்டைப் புகைபோக்கிக்குத் திருப்பினார். வெறும் இரைச்சல். வேறென்ன இருக்கும் என்று ஹெட்போனைக் கழற்றாமலேயே தட்டைத் தூக்கினார். தட்டு கடல் பக்கம் ஒரு சுற்று திரும்பியது. அந்த ஒரு கணம் காதில் விழுந்தது பக்தவச்சலத்தின் அழைப்புக்குறி, லைசென்ஸோடு அவருக்கென்றே கொடுத்த பெயர்.

கிழக்கே கரை கிடையாது. வங்காள விரிகுடாதான். துறைமுகத்தில் இடம் கிடைக்காத ஒரு சரக்குக் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். பக்தவச்சலம் கூப்பிடுகிறான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த நாக்குப் பிசகுக்குத்தான் காசிமேட்டில் கை கால் முளைத்தது.

மறுநாள் கடல் பக்கம் ஒன்றும் இல்லை. கப்பலும் இல்லை. இன்னொரு கப்பல் வந்து நின்றபோது மறுபடி அதே குறி. நீரோட்டத்தில் கப்பல் திரும்பத் திரும்ப, அது பக்கத்தில் வந்து கூப்பிட்டது, எட்டப் போய் முனகியது. தாவூதுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்கூட்டரில் போகும்போதுகூடக் காதில் அந்தக் குறி. அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. புகைபோக்கியில் பட்டுத் தெறித்த மாதிரியே அலை இப்போது கப்பலின் இரும்பில் பட்டுத் திரும்புகிறது. ஆவியாக இருந்தால் ஓதி ஊதித் தாயத்துக் கட்டிக்கொண்டு போகலாம். இது அதைவிட மோசம். எங்கேயோ ஒரு சுவிட்ச் இன்னும் அணைக்கப்படவில்லை.

மாத்தூருக்குப் போனார். பக்தவச்சலத்தின் மனைவி புஷ்பவல்லி காப்பி கொடுத்து மாடிக்குக் கூட்டிப்போனாள். கவிழ்த்த பெயின்ட் வாளிக்கு அடியில் பெட்டி சூடாக இருந்தது. எதிராளி தட்டைச் சரியாகத் திருப்பிக்கொள்வதற்காக, வைத்திருப்பவரின் அழைப்புக்குறியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் பீக்கன் பெட்டி. அதன் தட்டு புகைபோக்கியைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தது. சாவுக்கு வந்த ஜனங்களின் ஈரத்துணி காயவைக்கக் கொடி கட்ட இடமில்லாமல், அந்தக் கம்பத்தைத்தான் இழுத்துத் திருப்பிக் கட்டியிருந்தாள்.

லைசென்ஸ் ஆளோடு போய்விட்டது, செத்தவர் குறி காற்றில் போவது சட்டப்படி தப்பு என்று தாவூது மெதுவாக எடுத்துச் சொன்னார். அவள் கொடியில் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அணைக்காதன்னு அவருதான் சொன்னாரு பாய். பாய் பதிலு இன்னும் வரல, நான் சொல்ற வரைக்கும் சுச்ச தொடாதன்னுட்டு டீ குடிக்கக் கீழ எறங்குனாரு. அப்புறம் சொல்லவே இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொன்னதில் ஒன்றையாவது அவள் கேட்டதாக மாத்தூரில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். இந்த ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"இன்னா சொல்லிகினு கீறாரு அதுல?"

"பேரு, எடம். அதையேதான் அண்ணி, திரும்பத் திரும்ப."

"என்னப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"அதுக்கு லைசென்ஸ்ல எடமில்ல அண்ணி."

அவள் கிளிப்பை அழுத்தி மாட்டினாள். "செரி. அந்த பதில நீ குட்த்துட்டேன்னு சொல்லு. இப்பவே அணைச்சுடறேன்."

ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். படகுக்காரர்களிடம் நாளைக்கு ரெடி, நாளைக்கு ரெடி என்று வாரக்கணக்கில் அளக்கிற வாய்தான் அது.

"குடுக்கல அண்ணி."

"அப்ப எரியட்டும்," என்று அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

இப்போதும் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் தாவூது பாறைக்கு வருகிறார். கப்பல் நிற்கிற நாளில் பக்தவச்சலம் கூப்பிடுகிறார். தாவூது கட்டையில் விரலை வைக்கிறார், எடுக்கிறார். அனுப்பலாம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. கேட்க ஆளில்லாத ஆரைக் கொடுத்ததாகக் கணக்கு வைக்க முடியாது என்று பக்தவச்சலமே எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார்.

போன வாரம் கோவிந்தம்மா கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள். "இன்னாதான் சொல்றாரு பாய் அந்தாளு?"

"பாக்கியக் கேக்கறான்," என்றார் தாவூது.

காசிமேட்டில் அந்தப் பாக்கி இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவரும் மறுக்கவில்லை.