கெத்சீயாளுக்கு நான் வைத்த பெயர்

போன வாரம் மெத்தைக்குப் பஞ்சு அடிக்க ஆள் வந்திருந்தார். தூசியில் எனக்கு அடுக்குத் தும்மல். வீட்டில் ஒரே சிரிப்பு. அந்த வாசனையில் ராஜபாளையத்து ஜின்னிங் பாக்டரி ஞாபகம் வந்தது. பின்னாலேயே, வேண்டாம் வேண்டாம் என்றாலும், கெத்சீயாளும் வந்துவிட்டாள்.

அப்போது யுத்த காலம். எனக்கு இருபது வயது, கேட்டில் உட்கார்ந்து ஆஜர் போடும் கிளார்க். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டால் கலெக்டர் என்று நினைப்பு. பருத்தி அரைக்க வரும் பெண் வேதக்காரியாக, அதாவது கிறிஸ்தவளாக இருந்தால், புத்தகத்தில் மேரி என்று எழுதுவது எங்கள் பாக்டரி வழக்கம். ஏற்கெனவே இரண்டு மேரி இருந்ததால், கூமாப்பட்டியிலிருந்து வந்த கெத்சீயாள் மூன்றாம் மேரி ஆனாள். அப்படியொரு பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"என் பேரையே எழுதுங்க அண்ணாச்சி" என்று பத்து நாள் வந்து நின்றாள். வாயில் நுழைகிற பெயராக வைத்துக்கொண்டு வா என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் வெட்கம். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அவள் அம்மா வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்து, அங்கிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய கரி பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்கிறார், கெத்சீயாளை அனுப்புங்கள் என்றாள். நான் புத்தகத்தில் விரலை ஓட்டினேன்.

"அப்படி யாரும் இங்க இல்ல ஆச்சி. வேற பாக்டரில போய்க் கேளுங்க."

நிஜமாகவே மறந்திருந்தேனா, எழுந்து உள்ளே போய் விசாரிக்கச் சோம்பலா? இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஊரிலுள்ள பாக்டரியெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் சங்கு ஊதும்போது அந்த அம்மா திரும்பவும் எங்கள் கேட்டுக்கு வந்து மகளைக் கண்டுபிடித்தாள். கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

எட்டாம் நாள் கெத்சீயாள் வந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன்.

"எனக்கு முன்ன மூணு பிள்ளை காலராவுல போயிட்டு அண்ணாச்சி. வேதத்துல யோபுன்னு ஒருத்தர்; பிள்ளைக அம்புட்டும் செத்த பொறவு அவருக்குப் பொறந்த மக பேரு இது. எங்கய்யா தேடி வச்சாவ. அதைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாவளாம்."

அவள் முன்னாலேயே புத்தகத்தில் மேரி என்பதை அடித்துவிட்டுக் கெத்சீயாள் என்று எழுதினேன். பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் வேலைக்கே வரவில்லை. அந்தப் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட ஆஜர் விழவில்லை.

பாக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்தப் புத்தகமும் பழைய பேப்பரோடு போயிருக்கும். எழுதினேனே தவிர, அவளை ஒரு தடவைகூட அந்தப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.