வாசலிலிருந்து வாசல் வரை

என் வீட்டுக்காரர் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை: ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலிகள், எந்நேரமும் தாள் சிக்கிக்கொள்ளும் ஒரு பிரிண்டர். எந்த இரண்டு ஊருக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுவார். எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மனுஷனுக்கு அங்கேதான் கிறுக்கு.

எங்கள் மகள் இருக்கும் ஊருக்கு இங்கிருந்து தினமும் நேர் விமானம் உண்டு. பதினான்கு மணி நேரம். இவர் வாயில் அந்தப் பதினான்கு வரவே வராது, "ரெண்டு நாள்" என்பார். எவனோ ஒருவன், "பதினாலுன்னு சொன்னே, வீடு போய்ச் சேர மறுநாள் ஆச்சு" என்று சட்டையைப் பிடித்ததிலிருந்து தொற்றிய வியாதி இது.

"இந்த வாசலைப் பூட்டுறதுலேர்ந்து அந்த வாசல் திறக்கிற வரைக்கும் கூட்டணும். டாக்சி, வரிசை, பெட்டி, அதுக்கு மேல அலுப்பு தீர ஒரு தூக்கம்."

தூக்கத்தையும் சேர்த்து எந்தப் புண்ணியவான் பயண நேரம் சொல்வான்? அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கே இவர் கணக்கில் அரை நாள். அவள் எங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மகளுக்கு முதல் பிரசவம். அடுத்த மாதக் கடைசி என்று சொல்லியிருந்தார்கள். விசா வந்துவிட்டது, பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். முன்கூட்டியே போய்விடலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் பயணம், சும்மாவா? டிக்கெட் சீசன் முடியட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கையில் குழந்தை.

சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், ஞாயிறு சாயங்காலம் ஆபரேஷனாம். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தாராம். கூட ஒரு நாதி இல்லை.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அன்னிக்கே ஓடி வந்திருப்பேனே!"

"அப்பா மாதிரியே கூட்டிப் பார்த்தேம்மா. டாக்சி, வரிசை, பெட்டி எல்லாம் சேர்த்து ரெண்டு நாள் வந்துச்சு. நீங்க வர்றதுக்குள்ள ஆபரேஷனே முடிஞ்சிடும். வழியில கெடந்து தவிக்க வேணாமேன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவர் பக்கம் திரும்பினேன். "கேட்டுச்சா? உங்க தூக்கத்தையும் சேர்த்துக் கூட்டியிருக்கா. தனியா கெடந்திருக்கா என் புள்ள!"

இவர் கீபோர்டை இழுத்து, அன்று சாயங்கால விமானத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டார். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. பிய்த்து இழுத்தார்.

சமயம் தெரியாத அந்த வாடிக்கையாளர் கேட்டார்: "சார், நானும் அந்த ஊருக்குத்தான் போகணும். எவ்வளவு நேரமாகும்?"

"பதினாலு மணி நேரம்."

"போன தடவை ரெண்டு நாள்னீங்களே?"

"அப்ப எனக்கு அவசரமில்ல தம்பி" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குலுங்கினார்.

அழட்டும் என்று விட்டுவிட்டு, பெட்டியின் மீதிப் பாதியைக் கட்டப் போனேன்.