மேட்டில் பிடித்து நிற்கும் வண்டி

சித்தி பை தயாரிக்கும் தொழிற்சாலையில் ஜிப் சரிபார்க்கிறவள். தைத்து வந்த பையை மேசையில் கிடத்தி ஜிப்பை நேராக இழுக்க மாட்டாள். கோணலாக, அவசரமாக, ஒற்றைக் கையால் இழுப்பாள். "வாங்குறவங்க பொறுமையாவா இழுக்கப் போறாங்க?" என்பாள். அதைத் தாங்கிய பைதான் பெட்டிக்குள் போகும்.

அந்தத் தொழிற்சாலையை ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கூட வேலை பார்த்தவர்களில் பலர் வேறு வேலை தேடக் கிளம்பினார்கள். சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். வளைப்பது, நிறுத்துவது எல்லாம் வந்துவிட்டது. மேட்டில் வண்டியை எடுப்பதுதான் வரவில்லை. கிளட்சிலிருந்து கால் சட்டென்று வந்துவிடும், இஞ்சின் அணைந்துவிடும், வண்டி பின்னால் உருளும்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். பெட்டியைப் பிரிப்பதற்குள் சித்தி பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு லைசென்ஸ் இருக்குல்ல? என் பக்கத்துல உட்காரு. நான் டெஸ்ட் பாஸ் பண்ற வரைக்கும் நீ எங்கயும் கிளம்பக் கூடாது."

பழைய கார் விற்கும் இடத்துக்குச் சித்தப்பாவும் வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. கருத்துச் சொல்லத் தெரியும். நீளமான ஒரு வெள்ளைக் காரின் முன்னால் போய்ச் சொந்தக்காரர் மாதிரி நின்றுகொண்டார்.

"இதுல போய் இறங்கினா உன் சூப்பர்வைசர் எழுந்து நிப்பான்."

"இறங்கறதுக்கு முன்னாடி மேடு ஏறணும்ங்க."

"கிளட்ச்தான் பிரச்சினைன்னா ஆட்டோமேட்டிக் காட்டட்டுமாக்கா?" என்றார் தரகர்.

"டெஸ்ட்டுக்குக் கியர் வண்டிதான். பழகறதையும் அதுலயே பழகறேன்."

கண்ணாடியில் பழகுநருக்கான 'எல்' எழுத்தை ஒட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்துக்கு அந்த வெள்ளைக் காரை அவளே ஓட்டினாள். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. பாதி ஏறியதும் நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது கிளட்சை டபக்கென்று விட்டாள். வண்டி குலுங்கி அணைந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"அக்கா, மெதுவா விடணும்!" பின்சீட்டிலிருந்து தரகர் அலறினார்.

"தெரியும் தம்பி. வேணும்னுதான் விட்டேன்."

"வீட்லயும் இவ இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

ஹேண்ட்பிரேக்கை முழுதும் இழுத்திருந்தும் வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. சித்தி கால் பிரேக்கை மிதித்தாள்.

"லேசா டைட் பண்ணா சரியாயிடும்க்கா."

"பண்ணிட்டுக் கூப்பிடுங்க. ஆனா இந்த மூக்கைக் குறைக்க முடியாதே! முன்னாடி எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியல."

அடுத்த காரில் கிளட்ச் கல்லாக இருந்தது. "இதை மிதிக்கத் தனியா ஒரு வேளை சாப்பிடணும்" என்று இறங்கிவிட்டாள். தரகரின் சிரிப்பு வற்றத் தொடங்கியது.

மூன்றாவது, வாடிய கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சின்னக் கார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி அவரைப் பின்னால் உட்காரவைத்தாள்.

"முட்டி இடிக்குதா?"

"இடிக்கல" என்றார், இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற குரலில்.

பின்சீட்டு பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கோணலாக இழுத்து மாட்டினாள். பிறகு அதே ஏற்றம். கிளட்சை விட்டாள், அணைந்தது, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. கீழே வந்து மறுபடி ஏறினாள், மறுபடி அணைத்தாள், மறுபடி நின்றது.

"இந்த வண்டி அணையாதுன்னு நான் சொல்லல" என்றாள் என்னிடம். "நான் அணைப்பேன். அப்போ இது பிடிச்சுக்கும்."

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து, அடியில் படுத்துப் பார்க்கச் சொன்ன பிறகே வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் தண்ணீர்த் தொட்டி ஏற்றம்தான். அதற்குள் இரண்டு பேர் என்னை ஊர் சுற்றக் கூப்பிட்டுவிட்டார்கள். சித்தி முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புதிய இடத்தில் வேலை தொடங்கிய காலை, டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருந்ததால் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்; மேடு எப்படி என்று பார்க்கச் சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். பாதி மேட்டில் முன்னால் போன வேன் நின்றது. சித்தியும் நிறுத்தினாள். வேன் நகர்ந்ததும் இவள் கிளட்சை விட, இஞ்சின் அணைந்தது. இது வேண்டுமென்று அணைத்தது அல்ல. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

"நான் இறங்கி நடந்துடட்டுமா?" என்றார் சித்தப்பா.

"பெல்ட்டைக் கழட்டாதீங்க."

ஹேண்ட்பிரேக் பக்கம் போன என் கையைத் தட்டிவிட்டு அவளே இழுத்தாள். வண்டி நின்றது. வியர்த்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஹாரன் ஓயவில்லை.

"அடிக்கட்டும். ஹாரன் அவனுது, வண்டி என்னுது."

இஞ்சினைக் கிளப்பி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டியின் மூக்கு லேசாக எழும்பியது. அப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். மேட்டின் மிச்சத்தை நிற்காமல் ஏறி முடித்தாள்.

தொழிற்சாலை வாசலில் சாவியை என் கையில் வைத்தாள்.

"சாயங்காலம் வந்துடு. திரும்பறப்பவும் நான்தான் ஓட்டுவேன்."