தட்டச்சர் பணியிடம் ஒன்று

எஸ்.எஸ்.எல்.சி.யும் தட்டச்சில் லோயரும் முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். எழுபதுகளின் நடுவில். சும்மா இருக்கிறாள் என்று ஊர் சொன்னது. என் கால் ஓரிடத்தில் நின்றதே இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார் என்றால் பத்துக்கே தெருமுனையில் நிற்பேன். அவர் தூரத்திலேயே கையை விரித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்புவார். செங்கல்பட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கப் போகிற நாள் மட்டும், ஏதோ செய்கிறோம் என்று மனம் கொஞ்சம் அடங்கும்.

ஓர் ஆவணியில் கார்டு வந்தது. செங்கல்பட்டில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகம், தட்டச்சர் பணியிடம் ஒன்று, பத்து நாளில் நேர்முகத் தேர்வு.

அந்தப் பத்து நாளும் அண்ணிதான் எனக்கு அதிகாரி. மூன்றாவது வரை படித்தவள். மீன் ஆய்ந்துகொண்டே கேள்வி கேட்பாள். நான் எதிரில் நின்று, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு எடத்துல மூச்சு முட்டுது உனக்கு. மறுக்கா சொல்லு" என்பாள். மொழி தெரியாவிட்டாலும் நான் எங்கே பயப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. மெஷினுக்கு வழியில்லாததால் பலகை மேல் விரல்களை ஓட்டினேன். சாப்பிடும்போதும் இடது கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அலுவலக வராந்தாவில் பதினான்கு பேர். பியூன் ஆளுக்கொரு நம்பர் சீட்டுக் கொடுத்தார். எனக்கு மூன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பன்னிரண்டு. முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், முகமெல்லாம் வேர்வை. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"சீட்ட மாத்திக்கிறியாம்மா? எனக்கு ஆறு மாசம். ரொம்ப நேரம் குந்த முடியல. இங்க மயக்கம் போட்டுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

கொடுத்துவிட்டேன். இரக்கம் என்று சொல்ல முடியாது. விரல்களைத் தொடையில் தட்டிப் பழக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

என் முறை வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதிகாரிகள் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். பத்து நிமிடத் தட்டச்சை ஐந்தாகக் குறைத்தார்கள். அரைப் பக்கம்தான் முடிந்தது. அண்ணி கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியவில்லை. நானே மறுபடி போய் பியூனிடம் விசாரித்தேன். என்னிடம் சீட்டு மாற்றிக்கொண்ட பெண்ணுக்குத்தான் வேலை என்றார். உத்தரவு தபாலில் போய்விட்டதாம்.

எனக்கு உடம்பு எரிந்தது. மேலாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போய், அவள் ஆறு மாதக் கர்ப்பிணி என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். கதவு வரைக்கும் போனேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நிமிர்ந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இன்னாம்மா வோணும்?" என்று பின்னாலிருந்து பியூன் கேட்டார். ஒன்றுமில்லை என்று திரும்பி, பஸ் நிலையம் வரை எங்கும் நிற்காமல் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "சொல்லலல்ல? வுடு" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அதே அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம். அந்தப் பெண், சேர வந்த அன்றே மேலாளரிடம் தானாகச் சொல்லிவிட்டாளாம். பிரசவம் முடிந்து வந்து சேரட்டும், அதுவரை பட்டியலில் அடுத்த ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஆள் நான். அந்த அரைப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள்.

ஐந்து மாதம் வேலை பார்த்தேன். தற்காலிகம் என்பதால் அங்கேயும் நிம்மதியாக உட்காரவில்லை. காலண்டரைப் பார்க்காத நாள் இல்லை. கடைசி நாளில் அவள் வந்தாள். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு சீட்டு குடுக்கலன்னா எனக்கு இந்த வேல ஏது" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரிப்பன் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன்.