வலிக்காத வண்டி

ஐம்பதை நெருங்கும்போது சைக்கிளுக்கு ஆசைப்படுகிறவன் எதிலிருந்தோ ஓடப் பார்க்கிறான். திலக் நகர் ஃப்ளாட், ஹார்பர் லைன் ரயில், அலுவலக நாற்காலி, அதில் தேய்ந்த முதுகு. இவற்றிலிருந்துதான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலைகளில் அலுவலக நண்பர்கள் கடற்கழிப் பாலம் தாண்டி அக்கரையில் நெருள் வரை சைக்கிளில் போய்வந்தார்கள். நானும் போக வேண்டும். வலிக்காமல் போக வேண்டும்.

கொஞ்சம் பெரிய விலையில், உசத்தியான வண்டியாகவே வாங்குவது என்று முடிவானதும் தாராவிக்குத்தான் போனேன். என் அண்ணனுக்கு அங்கே சைக்கிள் ரிப்பேர் கடை. சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர்களும் வருவார்கள், பந்தய வண்டி வைத்திருக்கும் டாக்டர்களும் வருவார்கள். அவன் வண்டியைப் பற்றி முதலில் பேசவேயில்லை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி ஸ்டூல்மேல் போட்டு, என்னை அழுத்தி உட்காரச் சொன்னான். எழுந்தபோது அட்டையில் இரண்டு பள்ளங்கள். உட்காரும் எலும்பு பதிந்த இடம். இடைவெளியை டேப்பால் அளந்தான். அந்த அகலத்துக்குத்தான் சீட் வேண்டுமாம். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. ஓரத்தில் பெயரெழுதி ஆணியில் குத்தி வைத்திருப்பான். என் அட்டையில் ‘தம்பி’ என்று எழுதினான்.

“குனிஞ்சு ஓட்டுத வண்டியப் பாத்து மயங்கிராத. ஹேண்டில் ஒசரமா இருக்கணும், டயர் தடியா இருக்கணும். இல்லன்னா தேவ்நார் ரோட்டுப் பள்ளத்துல ஒன் முதுகுதாம்ல ஷாக் அப்சார்பர்.”

மறுநாள் பாதியில் கடையைச் சாத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு மாட்டுங்கா ஷோரூமுக்கு வந்தான். சட்டைதான் மாறியிருந்தது. நகக்கண்களில் கிரீஸ் அப்படியே.

உள்ளே ஏசி, காபி மணம். விற்பனைக்காரர் கறுப்புப் பந்தய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு விரலில் தூக்கினேன், பறவையின் எடை. மயங்கத்தான் செய்தேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையிலிருந்த சாம்பல் நிற வண்டிக்குப் போனான். அதுவும் எடை குறைந்த கார்பன் ஃபிரேம்தான். முன்பக்கம் உயரம், தடித்த டயருக்கு இடம், மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறச் சின்ன கியர். ஹேண்டிலைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். அதில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் அவன் பெருவிரல் கறுப்பாகப் பதிந்தது.

விற்பனைக்காரர் துணி எடுத்துத் துடைத்தார். துடைத்தபடியே, இவர் யார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரிந்த மெக்கானிக் என்றேன், ஆங்கிலத்தில்.

யோசிக்கவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் இன்றுவரை அறுக்கிறது. அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மெக்கானிக் என்ற சொல் இந்த ஊரின் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அதற்குள் செயின் பக்கம் குனிந்திருந்தவன் நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. நிமிர்ந்து, சீட்டின் அகலம் எவ்வளவு, டயர் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒன்று விடாமல் விற்பனைக்காரரிடம் இந்தியில் சொன்னான். அந்தச் சாம்பல் வண்டியைத்தான் வாங்கினேன். அவன் ரயிலில் போய்விட்டான்.

அடுத்த வாரம் சீட் உயரம் சரிபார்க்க வண்டியைத் தாராவிக்குக் கொண்டுபோனேன். அண்ணே என்று கூப்பிட்டேன்.

“ஆயியே சார். பைட்டியே.”

வாங்க சார், உட்காருங்க என்று, வாடிக்கைக்காரரிடம் பேசும் இந்தி. அரைமணி நேரம் அந்த இந்தியிலேயே என் குதிகாலையும் முழங்காலையும் தொட்டுக் கேட்டுச் சீட்டை ஏற்றினான், இறக்கினான், நூல் பிடித்தாற்போல் நிறுத்தினான். அவ்வளவு பொறுமையாக என்னை யாரும் தொட்டு வெகுகாலமாகிறது. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் மரியாதையாக இந்தியில் பதில் வந்தது. நடுவில் பஞ்சரோடு ஒரு டெலிவரிக்காரர் வந்து நின்றார், தாராவித் தமிழர். “ஏல, அங்கன சாய்ச்சு வை. சாருக்கு முடிச்சிட்டு வாரேன்” என்றான் அண்ணன் அவரிடம். என் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஆணியிலிருந்து என் அட்டையை உருவி, தூசி தட்டிக் கையில் கொடுத்தான். அவன் யாருடைய அட்டையையும் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெருள் வரை போனேன். பாலத்தில் எதிர்காற்று. மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு முதுகில் வலி இல்லை, தோளில் இல்லை, மணிக்கட்டில் இல்லை. எங்கேயாவது கொஞ்சம் வலித்திருக்கலாம். டீக்கடையில் நண்பர் ஒருவர் என் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கச்சிதமாக யார் செட் பண்ணியது என்றார்.

தாராவியில் ஒருத்தர் இருக்கிறார் என்றேன். எந்தத் தெரு, எந்த முனை, எதிரில் என்ன கடை என்று எல்லாம் சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். அவன் எனக்கு யார் என்று மட்டும் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்து மறுபடி ஏறி உட்கார்ந்தேன். வண்டி என்னை அப்படியே வாங்கிக்கொண்டது.