மூன்று பேருக்கு நான்கு நெருப்பு

இது நடந்தது. நான் பொய் சொல்லத் தெரியாதவன் என்று சொல்ல வரவில்லை. கிராயோவா கல்லூரி விடுதியில் சுவர்ப் பத்திரிகை நடத்தியவன் நான். விடுதிச் சூப்பில் இறைச்சித் துண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டபோது அதற்கு நான் எழுதிய வரவேற்பு மடலைக் கல்லூரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட என் கைச்சரக்கு இல்லை. என் சரக்காக இருந்தால் முடிவை இப்படி அந்தரத்தில் விட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று. என் கைக்கடிகாரம் நாளைக்கு இரண்டு நிமிடம் முந்தும். அதைக் கழித்துவிட்டுத்தான் கீழே நேரங்களைச் சொல்கிறேன்.

1990, ஏப்ரல் 12. பெரிய வியாழன். ஈஸ்டருக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் நாட்டின் விடுமுறைப் பட்டியல் கந்தலாகிக் கிடந்தது. டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. பழைய ஆட்சியின் தேசிய நாளான ஆகஸ்ட் 23-இல் இனி யாரும் கொடி பிடித்து நடக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக எது தேசிய நாள் என்று மேலே இருப்பவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. மொத்தத்தில், நாட்டுக்கே தன் பிறந்தநாள் தெரியாத வருஷம்.

செத்தவர்களுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அவர்கள் அரசாணைக்குக் காத்திருப்பதில்லை. பெரிய வியாழன் விடியுமுன் அவரவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வருகிறவர்களுக்குக் குளிரும். அதனால் முற்றத்தில் ஆளுக்கொரு சின்ன நெருப்பு மூட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ரொட்டியும் தண்ணீரும் வைப்போம். வீட்டில் எத்தனை பேர் செத்தார்களோ அத்தனை நெருப்பு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எங்கள் வீட்டுக்கு மூன்று: அப்பா, தாத்தா, பெரியப்பா.

இந்தக் கணக்கில்தான் எங்கள் வீட்டில் சண்டை. அம்மாவின் தம்பி ஜெலு மாமா, 1988 ஆகஸ்டில் நாட்டை விட்டுத் தப்ப ஒரு லாரி ட்யூபைத் தூக்கிக்கொண்டு டான்யூப் ஆற்றில் இறங்கினார். எங்கள் கிராமம் செவெரின் நகரத்துக்குக் கீழே, ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. எதிர்க்கரை யுகோஸ்லாவியா. நடுவில் எல்லைக்காவல் படகுகள், அவற்றில் துப்பாக்கிகள். மாமா போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. ஊர் அவரைச் சாகடித்துவிட்டது. அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"என் தம்பி உயிரோட இருக்கான். இருக்கிறவனுக்கு நெருப்பு மூட்டினா நாமளே குழியில எறக்கின மாதிரி. அவனுக்கு நெருப்பு வேணும்னு எவனாவது சொன்னா, முதல்ல என்னைக் குழியில போட்டுட்டுச் சொல்லட்டும்."

ஆட்சி மாறியபின் தினமும் பதினோரு மணிக்கு வாசலில் தபால்காரிக்காகக் காத்திருந்தாள். நான்கு மாதமாக எதுவும் வரவில்லை. மார்ச் மாதம் பனியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டபிறகு, ஜன்னல் வழியாகக் காத்திருந்தாள்.

அந்தக் கால்தான் என்னை முற்றத்தில் கொண்டு நிறுத்தியது. நெருப்பு மூட்டுவது பெண்கள் வேலை. அந்த வருஷம் மட்டும் எனக்கு.

"மூணு. எண்ணத் தெரியுமில்ல?" என்றாள் அம்மா, கட்டிலில் இருந்தபடி.

"பொறியியல் படிக்கிறேம்மா."

"அதான் கேட்டேன்."

காலை 3.50. நிலா மேற்கே சாய்ந்திருந்தது. ஆற்றிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. காய்ந்த செடித்தண்டுகளை மூன்று குவியலாக வைத்துப் பற்ற வைத்தேன். மூன்று நாற்காலி. மூன்று குவளைத் தண்ணீர். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போடுகிறவன் மாதிரி ஒழுங்காகத்தான் செய்தேன்.

4.10. விரல் விறைத்துவிட்டது. மூன்று நெருப்பு எரிகிறது, ஆனால் ஒன்றிலும் கை காட்டக்கூடாது. செத்தவர்களின் நெருப்பில் உயிரோடிருப்பவர் குளிர்காய்வது மகா தப்பு என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் மரியாதை தெரிந்த பையன். அதனால் மிச்சமிருந்த தண்டுகளை வேலியோரம் கொண்டுபோய் எனக்கென்று தனியாக ஒரு நெருப்பு மூட்டிக்கொண்டேன். சமையலறை முக்காலியை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்தேன். ஒரு சிகரெட் பற்ற வைத்தேன்.

நான்காவது நெருப்பு. பக்கத்தில் ஓர் ஆசனம். சத்தியமாக அது எனக்கு உறைக்கவே இல்லை.

4.22. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஹொரியா! சாம்பிராணி இங்கயே கிடக்குதேடா!"

எழுந்து உள்ளே போனேன். சாம்பிராணிக்குத் தணல் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. முக்காலி காலியாக இருந்தது. நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

4.31. சமையலறைக் கதவைத் திறந்தேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று நெருப்பு, மூன்று காலி நாற்காலி. வேலியோரம் என் நெருப்பு.

ஒன்று மட்டும் சரியாயில்லை. முக்காலியை நான் எட்ட வைத்திருந்தேன், புகை கண்ணில் படுகிறது என்று. இப்போது அது நெருப்பை ஒட்டி இருந்தது. மிகவும் ஒட்டி.

காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்தேன். ஓக் மரத்து முக்காலி அது. ஏழு கிலோ.

அப்புறம் அந்த நெருப்பைப் பார்த்தேன். இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் தெரிந்தது.

நடுப்பகுதி தெரியவில்லை.

எனக்கும் நெருப்புக்கும் இடையில் ஏதோ மறைத்துக்கொண்டிருந்தது... ஒரு முதுகின் அகலத்துக்கு.

ஒரு சத்தம்.

கட கட கட கட...

பல்லோடு பல் அடிக்கும் சத்தம். குளிரில் தாடை நடுங்கினால் வருமே, அதேதான். என் பல்லோ என்று பார்த்தேன். என் வாய் திறந்தே இருந்தது.

கட கட கட...

பிறகு தண்ணீர். சொட்டு. சொட்டு. நெருப்பில் விழுந்து... சுஸ்ஸ்...

மற்ற மூன்று நெருப்பும் நேராக எரிந்தன.

நான்காவது குறுகியது.

சுஸ்ஸ்...

4.37.

அணைந்தது.

சத்தமும் நின்றது.

யாரோ எழுந்திருக்கும்போது முக்காலி கிறீச்சிடுமே...

கிறீச்.

நான் உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டேன்.

"யாருடா கூட?" என்றாள் அம்மா.

"யாருமில்ல."

"ரெண்டு பேர் வந்த மாதிரி கேட்டுச்சே."

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். முக்காலி தொப்பலாக நனைந்திருந்தது. இரவு மழையில்லை. ஆற்றுச் சேற்றின் வாடை. துடைத்து உள்ளே வைத்துவிட்டு, நான்காவது சாம்பலைக் காலால் கலைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுப் பரஸ்கீவாவின் தலை முளைத்தது. எங்கள் ஊரில் அன்று காலை எல்லாரும் அடுத்த வீட்டுப் புகையை எண்ணுவார்கள். அவள் இரண்டு தெருவுக்கும் சேர்த்து எண்ணுவாள்.

"உங்க வீட்ல நாலு புகை தெரிஞ்சுதே தம்பி. கடைசியில உங்கம்மா ஒத்துக்கிட்டாளா?"

"அது எனக்கு, அக்கா. குளிர் காய."

"உனக்கா? ஐயோ, நல்லாத்தானே இருக்கே?"

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஜெலுவுக்கு நெருப்பு மூட்டிவிட்டார்களாம். மாலையில் இரண்டு பெண்கள் வேகவைத்த கோதுமைப் பலகாரத்தோடு துக்கம் கேட்க வந்தார்கள். அம்மா ஊன்றுகோலை ஓங்கினாள். அவர்கள் போனார்கள். பலகாரத்தை விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் துக்கத்துக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகமாட்டார்கள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குளிருச்சுன்னா உள்ள வந்திருக்கலாமேடா," என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினோரு மணிக்கு ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். என் சிகரெட்டுக்காக நான் ஜெலு மாமாவைக் கொன்றுவிட்டேன் என்று அவள் நினைக்கிறாள் என எனக்குப் புரிந்தது. வந்து உட்கார்ந்தது யார் என்று எனக்குத் தெரியும் என நானும் நினைத்தேன். ஆற்றில் போனவர் ஒருவர்தானே.

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு ஏதோ உறுத்தி விழித்தேன். முக்காலி சமையலறை அடுப்பை ஒட்டி நின்றது. நனைந்து.

துடைத்தேன். பழைய இடத்தில் வைத்தேன்.

மறுநாளும். அதற்கு மறுநாளும். ஈஸ்டர் அன்று எல்லாரும் சிவப்பு முட்டையை மோதி உடைத்துக்கொண்டிருந்தபோது நான் தரையில் சேற்றைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கல்லூரி திறந்தது, அம்மாவின் காலைக் காரணம் காட்டிப் போகவில்லை. மே தினம் போனது. தேர்தல் போனது. நாட்டில் எல்லாரும் சுதந்திரமாகத் தூங்கினார்கள். நான் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, அம்மா பார்ப்பதற்குள் துடைத்தேன். அவள் அந்த முக்காலியைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. தம்பி செத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

சில நாள் சுவருக்கு அப்பால் கேட்கும். கட கட கட... அடுப்பில் தணல் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும். ஒரு கட்டத்தில் நானே படுக்கப்போகுமுன் ஒரு கட்டை கூடுதலாக வைக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது? மாமா.

ஜூன் 2. பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை. வந்தவர்கள் திரும்பிப் போகும் நாள். செத்தவர் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு மண்பானையில் சாப்பாடு வைத்து, மேலே பூவும் மெழுகுவர்த்தியும் செருகி, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அந்தப் பேருக்கு வேண்டிக்கொள்வார். பானை கிடைத்தவர் போவார். கிடைக்காதவர் இங்கேயே இருப்பார்.

கட்டு பிரித்த காலோடு அம்மாவே கிளம்பினாள். மூன்று பானை.

"அம்மா... நாலு வாங்கியிருக்கலாமோ?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது பானையில் மெழுகுவர்த்தியைச் செருகினாள்.

"மூணு," என்றாள்.

பத்து மணிக்குள் மூன்றையும் கொடுத்து முடித்தோம். கடைசிப் பானையை எங்கள் வாசலுக்கே வந்து வாங்கிய பரஸ்கீவா உள்ளே எட்டிப் பார்த்து, "அவனுக்கு இல்லையா?" என்றாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

12.40. தபால் ஆபீஸ்காரி வாசலில் வந்து கத்தினாள்.

"வெட்டா அக்கா! ஓடி வா! போன்! வியன்னாவிலிருந்து!"

அம்மா ஓடினாள். அந்தக் காலோடு. செருப்பில்லாமல்.

ஜெலு மாமாதான்.

உயிரோடு. ஏதோ ஒரு ரொட்டிக் கடையில் வேலையாம். அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், "நாயே, நாயே" என்று தம்பியைக் கொஞ்சினாள். தபால் ஆபீஸ்காரியும் அழுதாள். எனக்கு ஐம்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. நான் யாரையும் கொல்லவில்லை.

அப்புறம்தான் தோன்றியது. அப்படியானால்...

அம்மா ரிசீவரை என் கையில் திணித்தாள். "உன்கிட்ட பேசணுமாம்."

"மருமகனே," என்றார் மாமா. குரல் தாழ்ந்தது. "அக்காவுக்குக் கேக்குதா?"

"இல்ல மாமா. அழுதுட்டிருக்காங்க."

"பெரிய வியாழன் அன்னிக்கு வீட்ல எத்தனை நெருப்பு போட்டீங்க?"

நான் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் தனியாப் போகல," என்றார். "ஒரு பையன் சேர்ந்துக்கிட்டான். பதினெட்டு வயசு இருக்கும். அநாதை விடுதியில வளந்தவன். பேரு கேக்கல. பிடிபட்டா ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கக் கூடாதுல்ல. நடு ஆத்துல ட்யூப்ல காத்து எறங்கிடுச்சு. ஒருத்தரைத்தான் தாங்கும்..."

"அப்புறம்?"

அந்தக் கேள்வியை அவர் தாண்டிப் போனார்.

"ரெண்டு வருஷம். தினம் ராத்திரி என் கட்டில் பக்கத்துல வந்து நின்னான். நனைஞ்சு. பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டு. அதான் உங்களுக்குக் கடுதாசி போடல. என்னன்னு எழுதுவேன்?"

கம்பியில் இரைச்சல் அடித்தது.

"ஏப்ரல் பன்னெண்டு விடியக்காலையிலேருந்து அவன் இங்க வரல. எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும். இல்ல. எங்க போனான்னு தெரியாம அதைவிட மோசமா இருக்கு. அன்னிக்கு தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வெளக்கைக் கை காட்டிச் சொல்லியிருந்தேன்... அதான் எங்க அக்கா வீடுன்னு. மருமகனே... அங்க வந்தானா?"

இணைப்பு அறுந்தது. 12.58.

வீட்டுக்கு நடந்தோம். அம்மா நொண்டிக்கொண்டே, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐம்பது நாளில் முதல் தடவையாக என் தோளில் கை போட்டாள்.

"பாத்தியாடா?" என்றாள். "உன் நெருப்புக்கு ஒருத்தரும் வரல."

"ஆமாம்மா," என்றேன்.